சாக்லேட்டுக்குப் பதிவு உண்டு, பிள்ளைக்கு?

ஊட்டியில் ஒரு அக்கா தன் வீட்டு அடுப்படியில் சாக்லேட் செய்து கடைகளுக்குப் போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். டூரிஸ்டுகள் ‘ஹோம் மேட்’ என்று கேட்டு வாங்கிப் போவார்களே, அதே சரக்கு. அதற்கு அவர் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்திருக்க வேண்டும். 2006ஆம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அதிகாரி வந்து பாத்திரத்தைத் திறந்து பார்க்கலாம், மாதிரி எடுத்துப் போகலாம், சரியில்லை என்றால் நோட்டீஸ் கொடுக்கலாம்.

இப்போது அதே அக்கா, அதே அடுப்படியில், அக்கம்பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஆறு பேரைக் காலை ஏழரையிலிருந்து மாலை ஐந்து வரை காசு வாங்கிக்கொண்டு பார்த்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒன்று எட்டு மாதக் கைக்குழந்தை. இதற்கு என்ன பதிவு வேண்டும்? யார் வந்து பார்ப்பார்கள்?

ஒன்றும் வேண்டாம். யாரும் வர மாட்டார்கள்.

நீலகிரியில் பதிவு செய்யப்படும் சமாச்சாரங்களின் பட்டியல் ரொம்ப நீளம். பச்சைத் தேயிலை வாங்கித் தூள் ஆக்கும் தொழிற்சாலைக்குத் தேயிலை வாரியத்தில் பதிவு வேண்டும். ஏலத்தில் வாங்குகிறவருக்கும் விற்றுக்கொடுக்கும் புரோக்கருக்கும் வேண்டும். 2003இல் வந்த தேயிலை சந்தைப்படுத்தல் கட்டுப்பாட்டு ஆணை இதையெல்லாம் சொல்கிறது. ஊட்டி வர்க்கிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது, எந்த வர்க்கி ஊட்டி வர்க்கி என்பதற்குக் கூட ஏடு உண்டு. சென்னை உயர்நீதிமன்றம் சொன்னதால் 2024 மே மாதத்தில் மலையேறும் டூரிஸ்ட் காருக்கு இ-பாஸ் வந்தது. எத்தனை பேர் வருகிறார்கள், எத்தனை நாள் தங்குகிறார்கள், எல்லாம் பதிவு.

கார், வர்க்கி, சாக்லேட், தேயிலை... எல்லாவற்றுக்கும் ஏடு இருக்கிறது. கொழுந்து எடுக்கப் போகிற அம்மாவின் பிள்ளையைப் பகல் முழுக்க வைத்திருக்கிறவருக்கு மட்டும் ஏடு இல்லை. தமிழ்நாட்டில் ‘வீட்டில் வைத்துப் பிள்ளை பார்ப்பவர்’ என்ற ஆளே சட்டத்தின் கண்ணில் கிடையாது.

இதைச் சொன்னதும் வழக்கமாக நாலு பதில் வரும். நாலையும் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பதில் ஒன்று: “அதுக்குத்தான் எஸ்டேட்டில் கிரெச் இருக்கே!”

இருக்கிறது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், 12ஆவது பிரிவு. 50 அல்லது அதற்கு மேல் பெண் தொழிலாளர்கள் இருந்தால் ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் நடத்த வேண்டும். 1981 திருத்தத்தில் இன்னொரு அளவையும் சேர்த்தார்கள்: பெண் தொழிலாளர்களின் பிள்ளைகள் 20 பேர் இருந்தாலே போதும், காப்பகம் வேண்டும். அறை போதுமான அளவுக்கு இருக்க வேண்டும், வெளிச்சமும் காற்றும் வேண்டும், சுத்தம் வேண்டும், பிள்ளை வளர்ப்பில் பயிற்சி பெற்ற ஒரு பெண்ணின் பொறுப்பில் இருக்க வேண்டும். இவ்வளவும் அந்தப் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. இலங்கையில் இதைப் ‘பிள்ளை மடுவம்’ என்பார்கள். 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு அங்கிருந்து வந்து டான்டீ தோட்டங்களில் குடியேறியவர்களுக்கு அந்த ஏற்பாடு புதிதல்ல.

நல்ல சட்டம்தான். ஆனால் யாருக்கு? 1981 திருத்தத்தின்படி 5 ஹெக்டேர் நிலமும் 15 தொழிலாளரும் இருந்தால்தான் அது ‘தோட்டம்’. நீலகிரியில் தேயிலை என்றால் பெரிய கம்பெனி எஸ்டேட் மட்டும் இல்லை. ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயிகள் பல்லாயிரம் பேர் இருக்கிறார்கள். கோத்தகிரி, குன்னூர், குந்தா பக்கம் எந்த ஹட்டியைச் சுற்றிப் பார்த்தாலும் இது தெரியும். அந்த நிலங்களில் கூலிக்குப் போகிற பெண் இன்றைக்கு ஒருவர் தோட்டம், நாளைக்கு இன்னொருவர் தோட்டம் என்று போவார். 50 பேரை வைத்திருக்கும் முதலாளி அவருக்கு வாழ்நாளில் கிடைக்கப் போவதில்லை. சட்டம் அவர் வீட்டு வாசல் வரை வந்ததே இல்லை.

இதற்கு மேல் இன்னொன்று. அந்த 1951 சட்டமே இப்போது இல்லை. 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் அமலுக்கு வந்தபோது அதுவும் அவற்றில் ஒன்றுக்குள் போய்விட்டது. 2020இல் நிறைவேறிய, தொழிலிடப் பாதுகாப்பு பற்றிய தொகுப்பு அது. அதில் தோட்டக் காப்பகத்துக்கான அளவு ‘50 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள்’. ஆண்களையும் சேர்த்து எண்ணுகிறார்கள், அது நல்லது. பிள்ளை என்றால் அம்மாவுக்கு மட்டும் சொந்தம் என்ற நினைப்பு கொஞ்சம் குறைகிறது. ஆனால் 20 பிள்ளைகள் என்ற அளவு காணாமல் போய்விட்டது. 40 தொழிலாளரும் 25 பிள்ளைகளும் இருக்கும் ஒரு தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். பழைய சட்டத்தில் அங்கே காப்பகம் கேட்க வழி இருந்தது. புதியதில் தலையை எண்ணிவிட்டு ‘பத்து பேர் குறைகிறது’ என்று சொல்லிவிடலாம். அதிலும் விவரமான விதிகளை வகுக்கும் வேலை மாநில அரசுகளிடம் விடப்பட்டிருக்கிறது.

பதில் இரண்டு: “அங்கன்வாடி எதுக்கு இருக்கு?”

1975இல் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. அங்கன்வாடி இந்த நாட்டில் செய்திருக்கிற வேலையைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. சத்துணவு, தடுப்பூசி, எடை பார்ப்பது என்று எல்லாம் அங்கேதான். ஆனால் கடிகாரத்தைப் பாருங்கள். கொழுந்து எடுக்கிறவர் காலை எட்டு மணிக்குள் தோட்டத்தில் நிற்க வேண்டும். மாலை எடை போட்டு முடித்துத்தான் வீட்டுக்கு வர முடியும். அங்கன்வாடி அந்த நேரத்துக்காகக் கட்டியது இல்லை. வயதையும் பாருங்கள். தமிழ்நாட்டில் பொதுவாக இரண்டு வயது முடிந்த பிள்ளைகளைத்தான் பகலில் அங்கே விடலாம். எட்டு மாதப் பிள்ளையையும் ஒன்றரை வயதுப் பிள்ளையையும் எங்கே விடுவது?

2022 முதல் மத்திய அரசின் ‘பால்னா’ திட்டத்தில் அங்கன்வாடியோடு காப்பகத்தையும் சேர்க்கலாம் என்று இருக்கிறது. வரவேற்க வேண்டியதுதான். அதற்கு முந்தைய தேசியக் காப்பகத் திட்டத்தில் பிள்ளை பார்ப்பவருக்கு மாதம் 3,000 ரூபாய், உதவியாளருக்கு 1,500 ரூபாய் ‘மதிப்பூதியம்’ வைத்திருந்தார்கள். ஒரு நாளைக்கு 100 ரூபாய், 50 ரூபாய். மதிப்பு எவ்வளவு என்பதை ஊதியமே சொல்லிவிட்டது!

பதில் மூன்று: “பாட்டி பார்த்துக்குவாங்க, பாட்டிக்கு எதுக்கு லைசென்ஸ்?”

இதுதான் எல்லோருக்கும் பிடித்த பதில். கேட்கவும் இனிமையாக இருக்கும். பாட்டி, தாலாட்டு, கதை, ஒரு டம்ளர் ராகிக் கஞ்சி... யாருக்குத்தான் பிடிக்காது?

முதலில் ஒரு விஷயம். சொந்தப் பேரனைப் பார்க்கும் பாட்டியிடம் யாரும் லைசென்ஸ் கேட்கவில்லை. எந்த நாட்டிலும் கேட்பதில்லை. காசு வாங்கிக்கொண்டு அடுத்தவர் பிள்ளையைப் பார்ப்பவரைப் பற்றித்தான் பேச்சு. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்புகிறவர்களுக்கு அதில் ஒரு லாபம் இருக்கிறது. எல்லாப் பெண்களையும் பாட்டி ஆக்கிவிட்டால் யாருக்கும் சம்பளம் கொடுக்க வேண்டாம் பாருங்கள்.

இரண்டாவது விஷயம் இன்னும் முக்கியம். அந்தப் பாட்டி இப்போது எங்கே இருக்கிறார்? நீலகிரித் தோட்டக்காரர்களின் பிள்ளைகள் படித்துவிட்டுக் கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் போய் வருஷக்கணக்கு ஆகிறது. அந்த இடத்துக்கு ஜார்க்கண்டிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் குடும்பங்கள் வந்து லைன் வீடுகளில் இருக்கின்றன. அந்தப் பிள்ளையின் பாட்டி இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறார். இங்கே இருப்பது பக்கத்து லைன் அக்கா. மொழி தெரியாத ஊரில் ‘தீதி, பாப்பாவைப் பாத்துக்கோங்க’ என்று அரைத் தமிழில் சொல்லிவிட்டு அம்மா மலை ஏறுகிறார். அந்த அக்காவும் கிடைக்காத நாளில் ஒன்பது வயது மூத்த பெண்ணின் கையில் பிள்ளையைக் கொடுக்கிறார். அன்றைக்கு அந்த மூத்த பெண்ணுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. 2009இல் 6 முதல் 14 வயது வரைக்கும் கல்வி உரிமைச் சட்டம் போட்டாகிவிட்டது. தங்கச்சிப் பாப்பாவை யார் தூக்கி வைத்துக்கொள்வார்கள் என்பதற்கு அந்தச் சட்டத்தில் வழி இல்லை.

2024 ஜனவரியில் பந்தலூர் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் சிறுத்தை தாக்கி மூன்று வயதுச் சிறுமி இறந்துபோனாள். ஜார்க்கண்டிலிருந்து வந்த தொழிலாளியின் மகள். 2025 ஜூனில் வால்பாறையில், அதுவும் தேயிலைத் தோட்டம்தான், அதுவும் ஜார்க்கண்ட் குடும்பம்தான், லைன் வீட்டுப் பக்கம் இருந்த சின்னப் பெண்ணைச் சிறுத்தை தூக்கிப் போனது. அந்த அம்மா அப்பாக்களைக் குற்றம் சொல்ல இங்கே யாருக்கும் யோக்கியதை இல்லை. காட்டு ஓரத்தில் குடியிருக்கும் எந்த வீட்டுக்கும் இது நடக்கலாம். ஆனால் இந்த மலையில் சின்னப் பிள்ளைகள் பகலும் அந்தியும் எங்கே, யாருடன் இருக்கிறார்கள் என்ற கேள்வி கதைக்கு உதவாத கேள்வி இல்லை. உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி. இரண்டு முறையும் சிறுத்தையைப் பிடிக்கக் கூண்டு வைத்தார்கள். வைக்க வேண்டியதுதான். பிள்ளைக்கு ஒரு அறை, ஒரு கதவு, ஒரு பொறுப்பான ஆள் வைப்பதைப் பற்றி எத்தனை நாள் பேசினார்கள்?

பதில் நான்கு: “இன்ஸ்பெக்‌ஷனா? போச்சு, லஞ்சம்தான்!”

இந்தப் பதிலில் நியாயம் இருக்கிறது. இன்ஸ்பெக்‌ஷன் என்றால் என்ன என்பது இந்த ஊரில் படித்த எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில் அதிகாரி வருகிற நாளுக்கு முதல் நாள் சுண்ணாம்பு அடிப்பார்கள். நன்றாகப் படிக்கிற பையனை முதல் பெஞ்சுக்கு மாற்றுவார்கள். கல்லூரிக்கு நாக் குழு வந்தால் அந்த வாரம் மட்டும் கழிப்பறையில் தண்ணீர் வரும், நூலகத்தில் ஃபேன் ஓடும், சுவரில் புது போர்டு ஏறும். குழு மலை இறங்கியதும் போர்டும் இறங்கும்.

இந்த மாதிரி இன்ஸ்பெக்‌ஷன் லைன் வீட்டு அக்காவுக்கு வந்தால் அவர் அன்றைக்கே பிள்ளை பார்ப்பதை விட்டுவிடுவார். இங்கிலாந்தில் ஏறக்குறைய அதுதான் நடக்கிறது. அங்கே 1948லேயே வீட்டில் பிள்ளை பார்ப்பவர்களைப் பதிவு செய்யச் சட்டம் வந்துவிட்டது. 2001 முதல் ஆஃப்ஸ்டெட் என்ற அமைப்பு பதிவையும் ஆய்வையும் பார்க்கிறது. ஒருவர் எட்டு வயதுக்குக் கீழே பொதுவாக ஆறு பிள்ளைகளைத்தான் பார்க்கலாம். அதில் ஐந்து வயதுக்குக் கீழே மூன்று பேர், ஒரு வயதுக்குக் கீழே ஒருவர். குழந்தைகளுக்கான முதலுதவிப் பயிற்சி கட்டாயம். அந்த வீட்டில் இருக்கும் 16 வயதுக்கு மேற்பட்ட எல்லோருடைய பின்னணியையும் சரிபார்ப்பார்கள். ஒழுங்கான ஏற்பாடு. ஆனால் காகித வேலை கூடிக்கொண்டே போனது, கையில் நின்ற காசு குறைவு. 2012க்குப் பிறகான பன்னிரண்டு ஆண்டுகளில் அவர்கள் எண்ணிக்கை பாதிக்கும் கீழே போய்விட்டது. விதியை மட்டும் கொடுத்து வருமானத்தைக் கொடுக்காவிட்டால் இதுதான் கதி.

இதற்கு எதிர்ப்பக்கம் கொலம்பியா. அங்கே 1980களின் பிற்பகுதியில் அரசே ஏழைக் குடியிருப்புகளில் ஒரு ஏற்பாடு செய்தது. ஒரு பெண் தன் வீட்டிலேயே அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேரைப் பார்த்துக்கொள்வார். அரசு உணவும் கொஞ்சம் காசும் தரும். ‘சமூக அம்மா’ என்று பெயர். பெயர் அழகாக இருந்தது, சம்பளம்தான் இல்லை, சன்மானம் என்றார்கள். (எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா?) அந்தப் பெண்கள் விடவில்லை. வருஷக்கணக்கில் போராடினார்கள். 2014இல் அவர்களுக்கு முறையான வேலை ஒப்பந்தமும் குறைந்தபட்சக் கூலியும் வந்தது. பிரான்சில் 1977லேயே இது ஒரு தொழில் என்று சட்டம் போட்டார்கள். 120 மணி நேரப் பயிற்சி, அரசு அனுமதி, ஊதியம், விடுமுறை எல்லாம் உண்டு.

இந்த மூன்று நாட்டையும் பார்த்தால் பாடம் ஒன்றுதான். பதிவும் ஆய்வும் சம்பளத்தோடு கூட வந்தால் அந்தப் பெண் தொழிலாளி ஆகிறார். சம்பளம் இல்லாமல் வந்தால் குற்றவாளி ஆகிறார், அல்லது காணாமல் போகிறார்.

சரி, நீலகிரியில் எதைப் பார்ப்பது?

லண்டன் படிவத்தை மொழிபெயர்த்துக் கொண்டுவந்து லைன் வீட்டில் நீட்டுவதில் அர்த்தம் இல்லை. இந்த மலைக்கு என்று சில ஆபத்துகள் இருக்கின்றன. பார்க்க வேண்டியது இவ்வளவுதான்.

புகை. மார்கழி, தை மாத உறைபனியில் கதவு ஜன்னலை இறுக்கி மூடிவிட்டு உள்ளே கரி அடுப்பு மூட்டும் பழக்கம் இங்கே உண்டு. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூங்குகிற பிள்ளை தூங்கியபடியே போய்விடும். பிள்ளை தூங்கும் அறையில் கரி இல்லை, விறகு அடுப்புக்குப் புகை போக வழி இருக்கிறது என்பது முதல் கேள்வி.

வெந்நீர். இந்தக் குளிரில் வெந்நீர் இல்லாத வீடு இல்லை. தவழும் பிள்ளைக்கு எட்டுகிற உயரத்தில் அண்டா இருக்கிறதா?

மருந்து. தேயிலைக்கு அடிக்கிற பூச்சிமருந்து கேனும் களைக்கொல்லி பாட்டிலும் வீட்டுக்குள் இருக்கக் கூடாது. காலி பாட்டிலில் தண்ணீரோ மண்ணெண்ணெயோ ஊற்றி வைக்கவும் கூடாது.

வாசல். தேயிலைப் புதர் எத்தனை அடி தூரத்தில் இருக்கிறது, கழிப்பறை எங்கே, வெளிக்கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா? கரடி, சிறுத்தை, காட்டுமாடு வந்து போகும் இடத்தில் இது சின்ன விஷயம் இல்லை. கூடலூர், பந்தலூர் பக்கம் யானையும் உண்டு.

ஆள். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள், பகலில் குடித்துவிட்டுப் படுத்திருக்கும் ஆம்பளை யாராவது உண்டா? கேட்கச் சங்கடமான கேள்வி. ஆனால் எல்லா அம்மாவும் மனசுக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வி.

எண்ணிக்கை. மொத்தம் எத்தனை பேர், அதில் கைக்குழந்தை எத்தனை? தீப்பிடித்தால் ஒரு பெண்ணால் எத்தனை பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓட முடியும் என்பதே இதற்கு அளவு. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 பிள்ளைகள் போன பிறகும் இந்தக் கணக்கைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கடைசியாக ஒரு நோட்டு. பிள்ளை பெயர், அம்மா பெயர், எந்தத் தோட்டத்தில் நிற்கிறார், யார் வந்து கூட்டிப் போகலாம், காய்ச்சல் வந்தால் எந்த ஆஸ்பத்திரி, எந்த ஜீப்.

இந்தப் பட்டியலில் எதுவும் லட்ச ரூபாய் சமாச்சாரம் இல்லை. முதல் முறை வருகிறவர் சொல்லிக்கொடுக்கட்டும், அடுப்பை மாற்றக் காசும் கொடுக்கட்டும். இரண்டாம் முறை சொல்லாமல் வந்து பார்க்கட்டும். மூன்றாம் முறையும் கரி அடுப்பு உள்ளே எரிந்தால் பதிவை நிறுத்தட்டும். இதற்குப் புதிதாக ஒரு அதிகாரி படையும் வேண்டாம். கிராம சுகாதார செவிலியர் இப்போதே வீடு வீடாகப் போகிறார். அவருக்கு இந்த வேலையை இலவச இணைப்பாகத் தலையில் கட்டாமல், கூட ஒரு ஆள் போட்டுச் செய்ய வேண்டும்.

இந்த ஆய்வு அந்த அக்காவுக்கும் காப்பு. இன்றைக்கு அவர் வீட்டில் ஒரு பிள்ளை விழுந்து அடிபட்டால் ஊர் முழுக்க அவரைத்தான் பேசும், போலீசும் அவரைத்தான் கூப்பிடும். ‘எல்லாம் சரியாகத்தான் வைத்திருந்தேன்’ என்று காட்ட அவரிடம் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. 2007இல் தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கு நலவாரியம் வந்தது. அடுத்தவர் வீட்டுக்குப் போய் வேலை செய்தால் பதியலாம். தன் வீட்டில் வைத்து அடுத்தவர் பிள்ளையைப் பார்த்தால்? அங்கேயும் அவருக்குப் பெயர் இல்லை.

காசு எங்கே?

காமர்ஸ் படிக்கிறவர்களுக்குப் பிடித்த பகுதி இது.

சிறு விவசாயி தலையில் இதைக் கட்ட முடியாது. பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியான விலை கேட்டு 2023இல் கோத்தகிரி பக்கம் உண்ணாவிரதம் இருந்தவர்கள் அவர்கள். கொழுந்து எடுக்கிற பெண்ணும் கொடுக்க முடியாது. அவர் கூலியில் பாதியைப் பிள்ளை பார்க்கக் கொடுத்தால் வேலைக்குப் போவதற்கே அர்த்தம் இல்லை.

குன்னூர் ஏல மையம் 1963 முதல் நடக்கிறது. வழக்கமான ஒரு வாரத்தில் ஏலத்துக்கு வரும் தேயிலை பத்து லட்சம் கிலோவைத் தாண்டும். குறைத்தே கணக்குப் போடலாம்: வாரம் பத்து லட்சம், 52 வாரம், ஆக 5 கோடியே 20 லட்சம் கிலோ. கிலோவுக்கு 50 பைசா என்றால் 2 கோடியே 60 லட்சம் ரூபாய். பிள்ளை பார்க்கும் ஒருவருக்கு மாதம் 6,000 ரூபாய், வருஷம் 72,000. முந்நூறு பேருக்கு 2 கோடியே 16 லட்சம். ஆளுக்கு ஐந்து பிள்ளைகள் என்றால் 1,500 பிள்ளைகள். மீதி 44 லட்சம் பயிற்சிக்கும் ஆய்வுக்கும் புகையில்லாத அடுப்புக்கும். 6,000 ரூபாய் நல்ல சம்பளம் இல்லை. ஆனால் இன்றைக்கு ஏட்டில் இருக்கும் தொகை பூஜ்யம், தொடங்குவதற்கு ஒரு எண் வேண்டும்.

‘ஏலத்தில் வரி போட்டால் வாங்குகிறவர் விலையைக் குறைத்துக் கேட்பார், கடைசியில் விவசாயி தலையில்தான் விழும்’ என்று ஒருவர் சொன்னால், அது சரியான எக்கனாமிக்ஸ். அப்படியானால் ஏலத்தில் போடாமல், பாக்கெட் போட்டு விற்கும் இடத்தில் போடட்டும். ஒரு கிலோத் தூளில் நானூறு கப் டீயாவது போடலாம். 50 பைசாவை நானூறால் வகுத்தால் கப்புக்கு அரைக்கால் பைசா. பழைய வாய்பாட்டில் மட்டும் இருக்கும் காசு அது! அந்த அரைக்கால் பைசாவைத் தாங்காத டீ குடிப்பவர் யாரும் இந்த நாட்டில் இருக்க மாட்டார். 1996 சட்டப்படி கட்டடத் தொழிலாளர் நலனுக்குக் கட்டுமானச் செலவில் 1 முதல் 2 சதவீதம் வரை வாங்கலாம் என்று வைத்தார்கள். வீடு கட்டுவது ஒன்றும் நின்றுவிடவில்லையே.

இப்போது மட்டும் இந்தச் செலவை யாரும் கொடுக்கவில்லை என்று நினைத்தால் தப்பு. கணக்கில் வராமல் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். பாதிக் கூலிக்குப் பிள்ளை பார்க்கும் பக்கத்து வீட்டு அக்கா கொடுக்கிறார். பள்ளிக்கூடம் போகாத ஒன்பது வயதுப் பெண் கொடுக்கிறாள். வேலைக்கு நடுவே பத்துத் தடவை லைன் பக்கம் திரும்பிப் பார்க்கும் அம்மா கொடுக்கிறார். நீலகிரித் தேயிலை மலிவாக இருப்பதற்கு மழையும் மண்ணும் மட்டும் காரணம் இல்லை. இவர்களும் காரணம். எந்த பேலன்ஸ் ஷீட்டிலும் வராத மூலதனம் இவர்களுடையது.

ஆகவே, கேட்க வேண்டியது ரொம்பப் பெரிதாக ஒன்றும் இல்லை. புதிய தொகுப்புச் சட்டத்துக்குத் தமிழ்நாட்டு விதிகளில் ‘20 பிள்ளைகள்’ என்ற பழைய அளவை மறுபடி கொண்டுவர வழி தேட வேண்டும். சிறு தோட்டங்கள் நாலைந்து சேர்ந்த இடத்தில், வீட்டில் பிள்ளை பார்க்கும் பெண்ணைப் பதிவு செய்து, பயிற்சி கொடுத்து, சம்பளம் கொடுத்து, சொல்லாமல் வந்து பார்க்க வேண்டும். இந்த நாலில் சம்பளத்தை விட்டுவிட்டு மற்ற மூன்றை மட்டும் செய்யலாம் என்று யாராவது கிளம்பினால் அவரை மலை ஏற விடக் கூடாது.

நாளைக்குக் காலை ஏழரைக்கு லைன் வீடுகளில் கதவு திறக்கும். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, பையை மாட்டிக்கொண்டு, பிள்ளையைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டு அம்மாக்கள் ஏறுவார்கள். பறித்த கொழுந்து எத்தனை கிலோ என்று மாலையில் நோட்டில் ஏறும். அந்தப் பிள்ளை அன்றைக்கு எந்த வீட்டில் இருந்தது என்பது எந்த நோட்டிலும் ஏறாது.